தேய்த்து மறைத்த விரிசல்

“நிறுத்துங்க! ஆணி அடிக்காதீங்க!”

மூடப்போன மரப்பெட்டிக்குள் கைவிட்டு அந்த வார்ப்பை வெளியே இழுத்தாள் தரப் பரிசோதகர் சுபாஜினி. விமானச் சக்கரத்தைத் தாங்கப்போகும் அலுமினியத் துண்டு. நேற்று அதன் துளையோரம் முடி போல ஒரு விரிசலைக் கண்டு, சிவப்பு மை பூசி ஒதுக்கியவளே அவள்தான். இன்று மையைக் காணோம்; ‘தேர்ச்சி’ அட்டை தொங்கியது.

“லாரி காத்துக்கிட்டு இருக்கு. இன்னொரு ரிஜெக்ட்டுன்னா மொத்த ஷிப்டும் வீட்டுக்குத்தான். சீக்கிரம் பாரு லா!” என்று எரிந்து விழுந்தார் மேலாளர் யுகேந்திரன்.

“அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது பாஸ்,” என்றான் பவித்ரன். தேய்ப்புப் பிரிவுக்காரன், சுங்கை சிப்புட்டிலிருந்து அவளோடு ஒரே வேனில் வருபவன். பையில் கட்டிய தே தாரிக் தேநீரில் ஸ்ட்ராவைச் செருகி அவளிடம் நீட்டினான். “குடிச்சிட்டு சண்டை போடுங்க.”

கையுறை மாட்டி, வார்ப்பை ஒளிரும் சாயத்தில் முக்கினாள். அது ஊறும்வரை கையுறையைக் கழற்றிவிட்டுத் தேயைப் பாதி உறிஞ்சினாள்; பையை இருட்டறைக்குள் கதவருகே ஆணியில் மாட்டினாள். வார்ப்பைக் கழுவி, புற ஊதா விளக்கைப் போட்டாள். விரிசலுக்குள் தங்கிய சாயம் பச்சையாக எரிய வேண்டும்.

எதுவும் எரியவில்லை.

“நேத்து கனவு கண்டியா?” யுகேந்திரன் சிரித்தார்.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். துளையோரம் மட்டும் பளபளத்தது. கம்பித் தூரிகையால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்; உலோகம் இழுபட்டு விரிசலின் வாய் அடைந்துவிட்டது. சீழ் பிடித்த புண்ணின் மேல் பவுடர் பூசிய மாதிரி.

“யாரு வேலை இது?”

“என்னைப் பார்க்காதே,” என்றார் யுகேந்திரன்.

“சீ! எந்த நாய் செஞ்சது, அக்கா?” வாசலில் நின்ற பவித்ரன் முகம் சுளித்தான். “இதுக்கு முன்ன நான் இந்த ரூம் பக்கமே வந்ததில்ல.”

வார்ப்பின் மேல்தோலை ரசாயனத்தில் அரிக்கவிட்டாள். மறுபடி சாயம், மறுபடி விளக்கு.

பச்சைக் கோடு, புழுவாக நெளிந்தது.

“லாரியைத் திருப்பி அனுப்பு,” என்றார் யுகேந்திரன்.

“பாஸ், தேய்ச்சவன் அப்படியே அனுப்பியிருக்க மாட்டான். கோடு மறைஞ்சிருச்சான்னு சாயத்துல முக்கிப் பார்த்திருப்பான். அந்தச் சாயம் கை ரேகைக்குள்ள நிக்கும், லேசுல போகாது,” என்றாள் சுபாஜினி.

யுகேந்திரன் சட்டென்று இரு கைகளையும் விளக்கடியில் விரித்தார். சுத்தம்.

சுபாஜினிக்கு நாக்கு வறண்டது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தேயை எட்டி எடுத்து, விளக்கடியில் ஸ்ட்ராவை வாயில் வைக்கப்போனவள் அப்படியே நின்றாள்.

பையின் மேல் ஐந்து விரல் தடங்கள் பச்சையாக எரிந்தன. அவள் உறிஞ்சிய ஸ்ட்ராவின் நுனியும்.