எச்சில் பட்ட மருந்து

சீ, என்ன கண்றாவி! ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் பூசணித் தோட்டத்தில் இலை இலையாகப் புரட்டி வெள்ளை ஈக்களை எண்ணிக்கொண்டிருந்தாள் ஆய்வக உதவியாளர் கிளெனிஸ். ஈ கழிந்த பிசுபிசுப்பு கையெல்லாம் அப்பிக்கொண்டது. மூக்குக்குள் போன ஒன்றைத் தும்மித் தள்ளினாள்.

அவள் குழு செய்த புது மருந்து அது: ஆர்.என்.ஏ.வைக் களிமண் துகளில் ஏற்றித் தெளித்தால் இலை உள்ளே வாங்கிக்கொள்ளும். சாற்றை உறிஞ்சும் ஈயின் மரபணு ஒன்று அடங்கிப்போய் ஈ சாகும். ஆய்வகத்தில் செத்தது. இங்கே இரண்டு முறை தெளித்தும் கொழுத்துத் திரிந்தது. மூன்றாவதும் தோற்றால் குழுவையே கலைத்துவிடுவார்கள், அவள் வேலையும் போகும்.

பக்கத்து வரிசையில், முந்தைய இரண்டு முறையும் தெளித்த தோட்டக்காரர் டிராஸ்ட் மூன்றாவது தெளிப்பைத் தொடங்கியிருந்தார். தெளிப்புக் குழாயின் முனை, அந்த நாசில், அடைத்துக்கொண்டது. கழற்றினார், குழாயை வாயில் வைத்து ஊதினார். தொட்டிக்குள் குளகுளவென்று குமிழி கிளம்பியது.

"ஐயய்யோ, என்ன பண்றீங்க?"

"அடைச்சுக்கிச்சு, ஊதினேன். முப்பது வருஷமா இப்படித்தான்மா."

எச்சில் பட்டால் ஆர்.என்.ஏ. நிமிஷத்தில் சிதைந்துபோகும். ஆய்வகத்தில் வாய் திறந்து பேசினாலே திட்டு விழும். இந்த மனுஷன் தொட்டிக்குள்ளேயே துப்பியிருக்கிறார்!

"மருந்து டப்பால வாயில வைக்காதீங்கன்னு போட்டிருக்குமே, படிக்கிறதில்லையா?"

"படிச்சுட்டுத்தான் ஊதுவேன்."

போனில் சொன்னதும் மேலதிகாரி ஃபென்விக் துள்ளிக் குதித்தார். "அப்பாடா! மருந்துல குறையில்ல, கிழவன் வாய்தான் சாக்கடைன்னு எழுது. நாளைக்கு நீயே தெளி." அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஈயைவிட அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அவளே புதிதாகக் கலக்கித் தெளித்தாள். நாசில் மூன்று முறை அடைத்தது. மூன்று முறையும் பிரஷ்ஷால் குத்திச் சரிசெய்தாள். காற்று கிளம்பத் தொடங்கியது. வலுத்துவிட்டால் தெளிக்கவே முடியாது. நான்காவது முறை அடைத்தபோது ஆத்திரம் தலைக்கேறியது. நாக்கில் களிமண் கரித்த பிறகுதான் என்ன செய்தோம் என்றே அவளுக்கு உறைத்தது.

தூ தூவென்று துப்பினாள். தன்னை நினைத்தே உடம்பு கூசியது.

டிராக்டரிலிருந்து டிராஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் பாக்கலம்மா" என்றார் மெதுவாக.

அவள் அங்கேயே ஃபென்விக்கைப் போனில் கூப்பிட்டாள். "டாக்டர், நானும் ஊதிட்டேன். எல்லாம் தெரிஞ்ச நானே ஊதுறேன்னா வயல்ல யாருதான் ஊதமாட்டாங்க? நம்ம மருந்து வயல்ல தாங்காதுன்னுதான் எழுதப்போறேன்."

"உன் வேலையும் போயிடும், தெரியுதா?"

"தெரியுது" என்று வைத்துவிட்டு, வாய் கொப்பளிக்கப் போனாள்.