ஸ்பூன் வாய்க்குப் போகுமுன்

புயல் உட்கார்ந்திருந்தான். வில்லங்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வயதுப் பயல். காலையில் அம்மா இறக்கிவிட்ட நிமிடத்திலிருந்து ஹாலை ஒரு வழி பண்ணுவதால் வந்த பெயர் அது. இன்று பொம்மைக் கூடைப் பக்கம் ஆணி அடித்த மாதிரி இருந்தான்.

வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தும் அக்கா, அவன் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது. தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது.

"என்னங்க, மத்த நாலு பேரையும் உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கோங்க."

வீட்டுக்காரர் லேப்டாப்பை மூடினார். "நாலு பேரா? நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"அவங்க உங்களைப் பார்த்துப்பாங்க. போங்க."

புயலின் அம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டு ரிங். கட். மறுபடி போட்டாள். ஒரே ரிங்கில் கட். 'இன்னைக்கு ப்ரமோஷன் இன்டர்வியூக்கா' என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடியவள்.

அப்பாவின் நம்பருக்குப் போட்டாள். அவர் எடுத்துவிட்டார். பின்னால் மெஷின் இரைச்சல்.

"ஜுரமா? நான் கிளம்புறப்போ நல்லாத் தூங்கிட்டிருந்தானேக்கா. பையில சிரப் இருக்கும், குடுத்துடுங்க. பர்மிஷன் சொல்லிட்டு வந்துடறேன்."

"காலையில ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லையே. குடுத்திருந்தா அவ உங்ககிட்ட சொல்லியிருப்பாளே."

நியாயம்தான். சிரப்பை அளந்தாள். புயலை மடியில் சாய்த்தாள். ஸ்பூன் உதட்டைத் தொடப் போன நேரத்தில் அவன் ஒரு ஏப்பம் விட்டான்.

ஸ்ட்ராபெர்ரி வாசனை.

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. அக்கா சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு. பாட்டிலில் இருப்பதும் அதே ரோஸ்.

குடுத்திருக்கிறாள். எப்போது? எவ்வளவு? தெரியாமல் இன்னொரு டோஸ் ஊற்றினால் விபரீதம். தெரிந்தவள் ஒருத்திதான், அவள் போனை எடுக்க மாட்டாள்.

ஏன் எடுப்பாள்? இந்த நம்பரிலிருந்து போன் வந்தால் ஒரே வசனம்தான்: உடனே வந்து கூட்டிட்டுப் போங்க. போன மாதம் வெறும் மூக்கொழுகலுக்கே வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியது இதே அக்காதான்.

கட்டை விரல் பறந்தது. 'நீ வர வேண்டாம். திட்ட மாட்டேன். சிரப் எப்போ குடுத்தே, எவ்வளவு? அதை மட்டும் சொல்லு.'

நீல டிக் விழுந்தது. 'டைப்பிங்' என்று வந்தது. மறைந்தது. புயல் மடியில் அனத்தினான். உள் ரூமில் ஏதோ தடாலென்று விழ, "ஐயோ, என் கண்ணாடி" என்று வீட்டுக்காரர் குரல். மறுபடி 'டைப்பிங்'.

வந்தது. 'வீட்டை விட்டுக் கிளம்பும்போது. முழு டோஸ். சாரிக்கா.'

கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா ஸ்பூனை அப்படியே சிங்க்கில் கவிழ்த்தாள்.

சட்டையைக் கழற்றினாள். தண்ணீரை மடக்கு மடக்காகப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் சிரப் வேலையைக் காட்ட, பயலுக்கு வியர்த்தது. போன் அடித்தது. அம்மா, கிசுகிசுப்பாக.

"அக்கா, நான் கிளம்பிடறேன்."

"எங்கே கிளம்பற? உன் வீட்டுக்காரர் வந்துட்டிருக்காரு, நேரா டாக்டர்கிட்ட போகச் சொல்லிட்டேன். நீ உள்ளே போய் உட்காரு."

"நிஜமாத் திட்ட மாட்டீங்களே?"

"அது மெசேஜ்ல. சாயங்காலம் நேர்ல வா, வெச்சிருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் பொம்மைக் கூடையிலிருந்து ஒரு மரக்கட்டை பறந்து வந்து அவள் முழங்காலில் பட்டது. புயல் எழுந்து நின்றிருந்தான். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவனை அப்பா தூக்கிப் போன பிறகு, அக்கா இன்னொரு குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டாள். முதல் ரிங்கிலேயே எடுத்தாள், மூச்சு வாங்க.

"என்னாச்சுக்கா? வரவா?"

"ஒண்ணும் ஆகல. உன் பொண்ணு தானாவே ஷூ போட்டுக்கிட்டா, காலை மாத்தி. சொல்லணும்னு தோணுச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம், கைப்பை ஜிப் இழுபடும் சத்தம். பிறகு மெதுவாக, "அக்கா, மறைக்காதீங்க. ஜுரம் எவ்வளவு?"