அடித்தல் கூடாது

வாசிப்பு நோட்டுக்கு எங்கள் இலக்கிய டீச்சர் போட்ட சட்டம் இரண்டு. மனதில் பட்டதை எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. ஒரு அடித்தலுக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருப்பதால் கிழிக்கவும் வழியில்லை.

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். கைக்கும் கொஞ்சம் உண்டு. முதல் கதைக்கு, "நாயகன் ஆறு பக்கம் மழையையே பார்க்கிறான். ஒரு குடை வாங்கியிருந்தால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை" என்று எழுதினேன். இரண்டாவதற்கு, "எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூக்கடைப்பா?" டீச்சர் ஓரத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்.

நான்காவது கதையில் ஓர் அப்பா மகளை அடிக்கிறார். அதற்கும் அதே ஜோரில் எழுதித் தொலைத்தேன்: "எழுத்தாளருக்கு விஷயம் தெரியாது. அடிக்கப் போகிறவர் இப்படிக் கத்த மாட்டார். முதலில் ஜன்னலைச் சாத்துவார். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டுவார். கடைசியில் வாட்சைக் கழற்றி வைப்பார், கண்ணாடி உடையக் கூடாதல்லவா."

பெற்றோர் கூட்டத்தன்று நோட்டுகளை மேசையில் எடுத்து வைப்பார்கள் என்பது தெரியும். ஆனால் எப்போதும் அம்மாதான் வருவாள். அவள் படித்தால் பரவாயில்லை, அவளுக்கும் இந்த வரிசை மனப்பாடம். அன்று பார்த்து மருந்துக் கம்பெனியில் அவளுக்கு ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். வகுப்பு வாசலில் வந்து நின்றவர் அப்பா.

"நோட்ட வீட்டுக்குப் போய்க் காட்டுறேன்பா. வெளில கூட்டமா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். வருஷம் பூரா நீ என்ன கிழிச்சேன்னு பாக்கறேன்."

அப்பா டீச்சருக்கு எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். குடை வரியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வெளியிடத்தில் அவரைப் போலச் சிரிக்க ஆள் கிடையாது. அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கம் புரண்டது. மூன்றாவது கதை. இதோடு மூடி வைத்துவிட்டால் போதும் என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலாவது கதைக்கு எழுதினதப் பாருங்க சார்," என்றார் டீச்சர். "இந்த வயசுல இவ்வளவு நுணுக்கமா கற்பனை பண்ண யாரால முடியும்?"

அந்த நிமிடம் டீச்சரை நான் வெறுத்தேன்.

அப்பா படித்தார். மறுபடியும் படித்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. வலது கை மட்டும் இடது மணிக்கட்டுக்குப் போனது. பட்டையைத் தளர்த்தியது. வாட்சைக் கழற்றி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தது. அவர் தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை.

டீச்சர் வாட்சைப் பார்த்தார். பிறகு நோட்டை. பிறகு என்னை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்தப் பக்கம் சரியில்ல டீச்சர்," என்றார் அப்பா, குரல் உயராமல். "எதையோ டிவில பாத்துட்டு உளறியிருக்கா. இத அடிச்சிடுங்க."

மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை அவரே டீச்சர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் அதை எடுத்து மூடியைப் போட்டார். மூடி இரண்டு தடவை வழுக்கியது.

"அடிக்கக் கூடாது சார்," என்றார்.

நோட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியைக் காட்டி, "நீ இங்க வந்து உக்காரு. அம்மா வேலை செய்யற எடத்து நம்பர் சொல்லு" என்றார்.

அப்பா வாட்சைக் கட்டப் பார்த்தார். கொக்கி மாட்டவில்லை. நான் மேசையைச் சுற்றிப் போய் உட்கார்ந்து, நம்பரை ஒவ்வொன்றாக, அவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.