திருக்கையின் இரண்டு கன்னங்கள்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை, என் தங்கை புருஷன், திருக்கையின் வாய்க்குள் கையை விட்டதற்கு நான் பொறுப்பில்லை. இருபது வருஷமாக இந்தக் கூடத்தில் மீன் அறுக்கிறேன். மல்லாக்கப் போட்ட திருக்கையின் வாயில் விரல் வைக்காதே என்று எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! மண்டையில் நாலு போட்டால் செத்துவிட்டது என்று நினைப்பு. சிப்பியை ஓட்டோடு நொறுக்கித் தின்கிற மீன் அது. மூளை சிதறிய பிறகும் தாடைத் தசை இறுகும்.

தூண்டில் முள்ளை எடுக்கப் போனான். கடக்கென்று ஒரு சத்தம். உடனே அவன் அலறல்.

இரண்டு பேர் இரும்புக் கம்பியை விட்டு நெம்பினார்கள். நெம்ப நெம்ப வாய் இன்னும் இறுகியது. பலகையெல்லாம் ரத்தம்.

"அக்கா, அறுங்கக்கா! கை போயிடும்!" என்று கத்தினான் கம்பி பிடித்தவர்களில் ஒருவன்.

வாய்க்கு இரண்டு பக்கமும், கன்னத்தில், முஷ்டியளவு தசை இருக்கும். இரண்டையும் அறுத்தால் வாய் விட்டுவிடும். எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அதே கையால்தான் என் தங்கையின் தாடையை உடைத்தான். அவள் என்னிடம் வந்ததும், நாலு வயசுப் பிள்ளையைக் கொண்டுபோய் எங்கோ ஒளித்துவைத்தான். கேட்டால் சிரிப்பான்.

பக்கத்துப் பலகையிலிருந்து ஓடிவந்த தங்கை என் கத்தியைப் பிடுங்கினாள். இளகிய மனசுக்காரி, காப்பாற்றித் தொலைக்கப் போகிறாள் என்று எனக்கு எரிச்சல்.

"சீக்கிரம்டி, சனியனே!" அவள் வயிற்றில் எட்டி உதைத்தான்.

விழுந்து எழுந்தாள். மீனின் இடது கன்னத்தை ஒரே இழுப்பில் அறுத்தாள். வாய் ஒருபக்கமாகக் கோணியதே தவிர, கை வெளியே வரவில்லை. அதோடு கத்தியை நிறுத்தினாள். கம்பி போட்டுக் கட்டிய பற்களுக்கு நடுவே வார்த்தை பிதுங்கியது.

"புள்ள எங்க?"

"மொதல்ல அறுடி!"

"புள்ள எங்க?"

மீனின் வலது கன்னத் தசை வெட்டியிழுத்தது. அவன் விரலெலும்பு நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

"எங்கண்ணன் வீட்டு மாடி ரூம்ல! சாவி பையில இருக்கு!"

சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"பாதியில விட்டுட்டுப் போறாளே!" என்றான் கம்பிக்காரன்.

"மீதிய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் கேட்டைத் தாண்டித் தெருமுனையில் திரும்பும்வரை கத்தியைக் கழுவினேன். பிறகுதான் வலது கன்னத்தை அறுத்தேன். மூன்று விரல்கள் உள்ளேயே நின்றுவிட்டன. அவன் குழந்தை மாதிரி அழுதான். எனக்குப் பாவமாகவே இல்லை.