அக்கம்பக்கம் விசாரிக்காத பெயர்

"மார்ச் 11, புதன். ஒரு சிறு தவறு. போன வருடம் நாயின் ஜீன் ஒன்றுக்கு அக்கம்பக்கம் பார்க்காமலே பெயர் வைத்திருக்கிறேன். இன்றுதான் கண்ணில் பட்டது."

நாட்குறிப்பில் எழுதிவிட்டு, 'சிறு' என்பதை அடித்துவிடலாமா என்று பேனாவைக் கடித்தாள். வேலை முடிந்து அவள் படிக்கப் போகும் மாலை வகுப்பில் ஆசிரியர் இன்னும் வரவில்லை.

பகலில் அவளுக்கு ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் வேலை. மனிதனுக்கும் எலிக்கும் பசுவுக்கும் பொதுவான ஒரு ஜீனை ஆளுக்கொரு பெயரால் அழைத்தால் ஆராய்ச்சி செய்பவர்கள் திண்டாடிப்போவார்கள். பாலூட்டிகள் அனைத்திலும் ஒரு ஜீனுக்கு ஒரே பெயர். ஆனால் முகச்சாயலை நம்பிப் பெயர் வைக்கக் கூடாது. ஜீன்களிலும் ஒரே சாயலில் வேறு வேலை செய்யும் இரட்டையர் உண்டு. இருபுறமும் குடியிருக்கும் ஜீன்கள் எவை என்று விசாரித்த பிறகே பெயர். போன வருடம் ஒரே நாளில் நாற்பது பெயர்களை முடிக்கிற அவசரத்தில் அவள் சாயலோடு நின்றுவிட்டாள்.

மதியமே மேலதிகாரியிடம் சொல்லியிருந்தாள். சின்னப் பிழையையும் விடாதவர் என்று அலுவலகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' எனப் பட்டப்பெயர்.

"அட, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே? ஜூன் மாசம் வர்ற பட்டியல்ல மாத்திக்கலாம். நாய் வந்து கேஸா போடப்போகுது?"

சிரிக்க முயன்றாள். அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வகங்கள் அந்தப் பெயரை எடுத்துப் போயிருந்தன.

வீடு திரும்பியபோது அண்ணன் சாப்பாட்டு மேசையில் மருத்துவமனைத் தாள்களைப் பரப்பியிருந்தான். கல்லீரல் நோயால் அவன் கண்கள் மஞ்சளாகி ஆறு மாதம். நாளை பத்து மணிக்குப் புது மருந்தின் முதல் ஊசி. மனிதர்களில் அவன்தான் முதல் ஆள்.

"வா, பேர் வைக்கிற மகராசி! உங்க ஆபீஸ் பாஷைல என்னமோ எழுதியிருக்கான். படிச்சுச் சொல்லு."

படித்தாள். மருந்து ஒரு ஜீனை முடக்கும். பயப்பட வேண்டாம், நாய்களில் அதே ஜீன் பிறவியிலேயே முடங்கித்தான் இருக்கிறது, அவை நலமாக ஓடியாடுகின்றன. அடுத்த வரியில் அவள் வைத்த பெயர்.

மடிக்கணினியைத் திறந்து மூன்று முறை சரிபார்த்தாள். நாயில் முடங்கிக் கிடந்தது அந்த ஜீனின் இரட்டை. உண்மையான ஜீன் வேறிடத்தில், தன் பழைய அண்டை வீட்டாருக்கு நடுவே, குறையின்றி வேலை செய்துகொண்டிருந்தது. அது இல்லாமல் ஒரு நாய்கூட உயிர் வாழ்ந்து காட்டியதில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஊசி வேண்டாம்ணா. இந்தப் பேரே தப்பு. நான்தான் வெச்சேன்."

"நீ பால் வாங்கிட்டு வந்தாக்கூட மூணு தடவை சில்லறை எண்ணுற ஆளு. உன் சந்தேகத்துக்கு ஒரு அளவு வேணாமா?"

"இது சந்தேகமில்லண்ணா."

அவன் சிரிப்பு நின்றது. "சரி. வேற மருந்து இருக்கா?"

இல்லை என்று தலையசைத்தாள். அவன் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தான்.

"எட்டரைக்குக் கிளம்பணும். எழுப்பி விடு."

அவள் நாட்குறிப்பைத் திறந்து 'சிறு' என்பதை அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

"நாளை: ஏழு மணிக்கு, அண்ணனுக்கு முன்பே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு ஜீன்களின் அக்கம்பக்கப் படங்களையும் எடுத்துச் செல்ல வேண்டும். பெயர் தவறு, வைத்தவள் நான் என்று பரிசோதனை மருத்துவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊசியை நிறுத்தும்வரை அங்கிருந்து நகரக் கூடாது."