நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான். பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ‘நிறுத்தக் கூடாது’ பலகைக்குக் கீழே எல் போர்டு மாட்டிய கார் ஒன்று நின்றது. ஓட்டிய பெண் இறங்கி ஓடினாள். காரில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரர் பேனாவும் கையுமாக உட்கார்ந்தே இருந்தார். அதற்குள் பேருந்து திரும்பிவிட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் அந்த நகரை— (வேண்டாம். லைசென்ஸ் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும்.)

பேனாவோடு உட்கார்ந்திருந்தவர் ஓட்டுநர் தேர்வு வைக்கும் இன்ஸ்பெக்டர். வீட்டில் சமையலறைப் பக்கம் திரும்பும்போதுகூட கை காட்டிவிட்டுத்தான் திரும்புவார் என்பது அவர் மனைவியின் புகார். கார் ஓட்டிய பெண் ஏற்கெனவே இரண்டு முறை தேர்வில் கோட்டை விட்டவள். இந்த முறை தேறினால் திங்கட்கிழமை முதல் பள்ளி வேன் ஓட்டும் வேலை. தேறாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

நன்றாகத்தான் ஓட்டினாள். முன்னால் நடைபாதையில் ஒருவர் தடுக்கி விழுந்தார். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஓடினாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் செய்தாள், இடம் மட்டும் தப்பு. அங்கே நிறுத்தினால் உடனே ஃபெயில்.

(உயிருக்கு ஆபத்தென்றால் சட்டத்தில் விலக்கு உண்டே என்று ஒரு வாசகர் கை தூக்குகிறார். வக்கீலாக இருக்க வேண்டும். ஆபத்தெல்லாம் இல்லை சார். முழங்கால் சிராய்ப்பு. அவரால் தானாக எழ முடியவில்லை, அவ்வளவுதான்.)

3

விழுந்தது யார்? முதலில் இன்ஸ்பெக்டரின் மாமனாரை விழவைத்தேன்.

“மாப்பிள்ளை! வண்டிக்குள்ள உக்காந்து என்ன எழுதறீங்க?”

“டியூட்டியில இருக்கேன் மாமா.”

“நான் ரோட்டுல கிடக்கேன்! அந்தப் பொண்ணுக்குப் பாஸ் போடாம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க.”

சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். பிறகு உறுத்தியது. இவர் பாஸ் போட்டால் அது நியாயத்துக்காகவா, மாமனாருக்குப் பயந்தா? மாமனாரை ஒரே கோட்டில் அடித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் கெஞ்ச ஆரம்பித்தார். “அவரை எடுத்துடாதீங்க சார். பாஸ் போட எனக்கிருந்த ஒரே சாக்கு அவர்தான்.”

அதனால்தான் எடுத்தேன்.

4

இப்போது விழுந்தவர் யாரோ எவரோ. அவரைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் திரும்பி வந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

“போர்டைப் பார்க்கலையாம்மா?”

“பார்த்தேன் சார்.”

“பார்த்துட்டுமா நிறுத்தினீங்க?”

“ஃபெயில்னா ஃபெயில்னு போடுங்க சார், மறுபடி வர்றேன். ஆனா யாராவது விழுந்தா மறுபடியும் நிறுத்துவேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, கண் அவர் பேனா முனையிலேயே இருந்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அதனாலேயே தீர்ப்புச் சொல்ல நான் லாயக்கில்லை.

இன்ஸ்பெக்டர் தவித்தார். “சட்டம் தெரியுது சார், கைதான் வரமாட்டேங்குது. நீங்கதானே எழுதறீங்க, நீங்களே போட்டுடுங்க.”

“எனக்குக் கார் ஓட்டவே தெரியாதே!” என்று நழுவினேன்.

5

ஃபெயில் போட்டால் இன்றிரவு அவருக்குச் சோறு இறங்காது. பாஸ் போட்டால், நாளைக்கு ஒருவர் அதே இடத்தில் காபி குடிக்க நிறுத்திவிட்டு, “அந்தம்மாவை மட்டும் விட்டீங்களே?” என்று சண்டைக்கு— (இதையும் முடிக்கப்போவதில்லை.)

இன்ஸ்பெக்டர் பேனாவை உங்களிடம் நீட்டுகிறார். திங்கட்கிழமை அந்த வேனில் ஏறப்போவது உங்கள் பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சீக்கிரம் போடுங்கள். கார் இன்னும் அந்தப் பலகைக்குக் கீழேதான் நிற்கிறது.