முதல் தேதிப் பரீட்சை

டீக்கடை ஃபேன் மெல்ல மெல்லச் சோர்ந்து நின்றது. கையில் கிளாஸோடு நின்ற லோகு முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு காற்றாட வெளியே வந்து உட்கார்ந்ததும்தான் திடுக்கிட்டு ஃபேனை அண்ணாந்து பார்த்தான். கேளம்பாக்கத்துக்கு மத்தியானம்தானே கரண்ட் கட்? காலையிலேயே எப்படிப் போகும்?

"இன்னிக்கு ஒண்ணாந்தேதி லோகு. ஈ.பி.காரன் கட் டைம மாத்திட்டான்ல" என்றார் டீ மாஸ்டர், பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த மாதிரி ஒரு விஷயத்தில் லோகு ஏமாந்தான் என்றால் ஆட்டோ ஸ்டாண்டில் யாரும் நம்பமாட்டார்கள். கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எந்த ஊரில் எப்போது கட் என்பது அவனுக்கு அத்துப்படி. கரண்ட் போனால்தானே ஜனங்கள் கடையையும் வீட்டையும் விட்டு வெளியே கிளம்புவார்கள், சவாரி கிடைக்கும். அதனால்தான் இன்டர்நெட்டில் எழுதும் பரீட்சைக்கு நேரம் குறிக்கும்போது அவன் பெண்டாட்டி பானுமதி அவனைக் கேட்டாள். அவனும் பஞ்சாங்கம் பார்க்கிற ஐயர் மாதிரி கண்ணை மூடி யோசித்து, "சனிக்கெழம காலைல போடு பானு. கரண்டு கல்லு மாதிரி நிக்கும்" என்றான். அந்தச் சனிக்கிழமை ஒன்றாம் தேதியில் வருகிறது, மாதா மாதம் அன்றைக்குத்தான் கட் நேரம் மாறும் என்பது அந்தப் பெரிய மண்டையில் ஏறவில்லை.

பானுமதி நாவலூரில் ஒரு கம்பெனியில் அமெரிக்க ஆஸ்பத்திரிப் பில்களை டைப் அடிக்கிறாள். அதைச் சரிபார்க்கும் பிரிவுக்குப் போக வேண்டுமென்றால், அமெரிக்கக் காலேஜ் ஒன்று இன்டர்நெட்டில் நடத்தும் அல்ஜீப்ரா கோர்ஸில் பாஸாக வேண்டும். ப்ளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டு, அத்தோடு கழுத்தை நீட்டியவள் அவள். கம்பெனி கம்ப்யூட்டரில் வெளி வேலை எதுவும் பார்க்கக் கூடாது என்பதால் கேளம்பாக்கத்தில் பக்தவச்சலத்தின் பிரவுசிங் சென்டர்தான் அவளுக்குக் காலேஜ். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்கார டீச்சரம்மா பேசுவது பிடிபடாமல், ஒரே பாடத்தை ஓட்டி ஓட்டிக் கேட்பாள். புரிந்துவிட்டால் திரையைப் பார்த்துத் தலையாட்டுவாள், என்னவோ அந்தம்மா எதிரில் நிற்கிற மாதிரி. வீட்டில் நெத்திலி ஆயும்போதும் வாய் சும்மா இருக்காது.

"இந்தப் பக்கம் மைனஸு. அந்தப் பக்கம் போனா ப்ளஸ்ஸு."

"நம்ம கவுன்சிலரு மாதிரின்னு சொல்லு" என்றான் லோகு ஒரு நாள்.

அவள் சிரிக்கவில்லை. "அது ஒண்ணும் பக்கம் மாறல. ரெண்டு பக்கமும் ஒரே நம்பரக் கூட்டுறோம். பாக்கறவங்களுக்கு அப்டித் தெரியுது, அவ்ளோதான்" என்றாள். லோகுவுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் புரியாத ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு உட்காரும் அந்தப் பிடிவாதம் அவனை அசத்தியது. அவன் எதிலும் அப்படி உட்கார்ந்தது கிடையாது. ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டான், மெக்கானிக் வேலையைப் பாதியில் விட்டான். பெண்டாட்டியை நினைத்து நெஞ்சு நிமிர்ந்து, "எம் பொஞ்சாதி அமெரிக்கா காலேஜ்ல படிக்குது, தெரியுமா?" என்று ஸ்டாண்டில் அளந்துகொண்டே இருந்தான். ஆரம்பத்தில் கேலி செய்தவர்கள் இப்போது "இன்னா மச்சான், பரீட்ச எப்போ?" என்று அக்கறையாகக் கேட்கிறார்கள்.

டீயை அப்படியே வைத்துவிட்டு, பானுமதி பரீட்சை எழுதிக்கொண்டிருந்த சென்டருக்கு ஓடினான். பரீட்சை நடுவில் லைன் அறுந்தால் அத்தோடு மூடிக்கொள்ளும், எழுதியது அத்தனையும் பாழ் என்று அவள் சொல்லியிருந்தாள். மறுபடி கோர்ஸை முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்குள் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

சென்டரில் யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்திக்கொண்டிருந்தது. பக்தவச்சலம் பேட்டரி பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எல்லா சிஸ்டமும் ஓடுனா இது கால் மணி நேரம்கூடத் தாங்காது லோகு."

"பானுவுது மட்டும் ஓடுனா?"

ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்பதுபோல் அவர் மேலே பார்த்துக் கையை விரித்தார். பிறகு எழுந்து, வருகிறவர்களின் நேரத்தைக் கணக்குப் பார்க்கும் தன் கம்ப்யூட்டரை முதலில் அணைத்தார். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் முனகிக்கொண்டே அணைத்துவிட்டு எழுந்தார்கள். மீதி இருந்தது கோவளத்து ரெபேக்காள் மட்டும்தான். மஸ்கட்டில் இருக்கும் அவள் புருஷன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து சனிக்கிழமை காலையில்தான் கேமரா முன்னால் உட்காருவார். வாரம் முழுக்க அதற்காகக் காத்திருந்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வருவாள். அவளிடம் போய் எப்படிக் கேட்பது? லோகு கதவோரம் திருதிருவென்று நின்றான்.

ரெபேக்காள் திரும்பி அவனைப் பார்த்தாள். மூலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த பானுமதியின் முதுகைப் பார்த்தாள்.

"ஏங்க, வர்ற வாரம் பேசலாம். இங்க ஒரு பொண்ணு பரீட்ச எழுதிகினு கீது" என்றாள் திரையிடம். அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அணைத்துவிட்டாள்.

"அக்கா..." என்று லோகு கையெடுத்துக் கும்பிடப் போனான்.

"சும்மாரு. அவரு எங்க ஓடிடப்போறாரு?" என்றவள், கீபோர்டு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒரு துண்டை அவன் கையில் திணித்தாள். "போ. வேர்த்து ஊத்துது பாரு அதுக்கு."

பானுமதி இதில் எதையும் அறியவில்லை. வெளிச் சத்தம் கேட்கக் கூடாதென்று, எதுவும் ஓடாத வெறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் போனதும் தெரியாது, ஃபேன் நின்றதும் தெரியாது. கழுத்தில் வழிந்த வேர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு ஓடிவந்தவனுக்கு, அவளைத் தொடவே பயமாக இருந்தது. இப்படி ஒருத்தியோடா இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறோம் என்று வியப்பாகவும் இருந்தது. பின்னால் நின்று விசிற ஆரம்பித்தான்.

அவள் கடைசிக் கணக்குக்கு வந்தபோது பேட்டரி தீரப்போகிறதென்று யு.பி.எஸ். விடாமல் அலற ஆரம்பித்திருந்தது. விடையை டைப் அடித்தாள். மவுஸ் பச்சைப் பொத்தான்மேல் போய் நின்றது. அதில் 'சப்மிட்' என்று போட்டிருப்பதைப் படிக்கிற அளவுக்கு லோகுவுக்கு இங்கிலீஷ் வரும். பக்தவச்சலம் தூரத்திலிருந்து அமுக்கச் சொல் என்று கட்டைவிரலால் ஜாடை காட்டினார். ரெபேக்காள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

பானுமதி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். வந்த விடையைக் கணக்கிலேயே திரும்பப் போட்டு, தாளில் இறங்கி இறங்கிச் சரிபார்த்தாள். கடைசி வரியில் பேனா நின்றது. இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் வேறொரு எண். உதட்டைக் கடித்தாள். அத்தனை வரியையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள்.

பொழுதுக்கும் "ஏறு ஏறு, சீக்கிரம்" என்று ஜனங்களை விரட்டுகிற வாய் அவனுடையது. அதை இறுக மூடிக்கொண்டான். அந்த அறையில் வெளிச்சம் இருந்த ஒரே திரைக்கு முன்னால், பானுமதி தாளைத் திருப்பிப்போட்டு, கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினாள். தாள் பறந்துவிடாமல் அட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, லோகு விசிறிக்கொண்டே இருந்தான்.